கிழிந்த தோல்பையும் முக்காலம் முத்தேசரும்

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடந்த செங்கானூர் நாட்டை மகரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, சாயங்காலம் வேறொரு மனசு. அவன் ராணி வடிவாம்பிகைக்கு இருந்தது ஒரே மனசு. அது உடைந்து போயிருந்தது.

மூத்த பிள்ளைக்கு நீர்ப்பையில் கல் வந்தது. அரண்மனைப் பெரிய வைத்தியர் கத்தி வைத்து எடுத்தார். கல் வெளியே வந்தது, பிள்ளை போய்விட்டான். ஏன் போனான் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது ராணியின் தோளில் ஒரு பெண் குழந்தை. அது லேசாகச் சிணுங்கினால் போதும், அதன் அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பாள். இவளுக்கும் அதே கல் வந்தால் யாரிடம் ஓடுவது?

அவள் அழுகை தாங்காமல் ராஜா ஒரு கத்தி வைத்தியசாலை கட்டினான். பிள்ளைகளைச் சேர்த்து, சோறு போட்டு, தொழில் கற்றுக்கொடுத்தான். ஒவ்வொரு முறையும் கற்று முடித்தவர்களில் ஒருவன் மட்டும் வைத்தியசாலையிலேயே தங்கவேண்டும். பணக்கார வீடுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகக் கூடாது. செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்று ஆராய வேண்டும், அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தங்குகிறேன் என்று சத்தியம் செய்தவன் ஒவ்வொருவனும், கை தேர்ந்ததும் அடுத்த நாட்டுக்குக் கம்பி நீட்டினான்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்த முறை எவன் தங்குவான் என்று இப்போதே சொல்லுங்கள். தப்பாய்ச் சொன்னவருக்குப் பதவி போச்சு!"

அரண்மனைச் சோதிடர் முக்காலம் முத்தேசர் முந்திக்கொண்டார். "மகாராஜா, ஜாதகத்தைப் பார்த்துவிட்டேன். சுந்தரவேலன்தான். அவனுக்குக் குரு சொந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்."

அமைச்சர் சொக்கேசர் தொண்டையைக் கனைத்தார். "ஓய், போன முறை நீர் காட்டின ஆளுக்கும் குரு சொந்த வீட்டில்தானே இருந்தார்?"

"இருந்தார். அதற்கென்ன?"

"குரு இருந்தார் ஐயா. சீடன்தான் இல்லை. அடுத்த நாட்டு ராஜாவுக்கு மூலம் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்."

சபை சிரித்தது. முத்தேசர் முகம் கறுத்தது. "வாய் இருக்கிறது என்று பேசாதீர். நீர் சொல்லும், எவன்?"

"பயிற்சியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் சொக்கேசர்.

ராணி திரைக்குப் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்து பார்த்தாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம். மனுஷ உடம்பில் கை வைக்கும் முன்னால், தண்ணீர் நிரப்பிய தோல்பைக்குள் கூழாங்கல் போட்டுப் பழகுவார்கள். சின்னதாய்க் கீறி, கல்லை எடுத்து, தைத்துவிட வேண்டும். ஒழுகக் கூடாது. மறுநாள் சபையில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். எல்லோரும் அழகாகத்தான் கீறினார்கள், அழகாகத்தான் தைத்தார்கள். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் ஒரு பை பாக்கியில்லாமல் பிய்த்துக்கொண்டது. சபையெல்லாம் தண்ணீர்.

"தோல் மட்டம், மகாராஜா!" என்றான் ஒருவன்.

சுந்தரவேலன் கைகூப்பினான். "தங்கள் திருமுன் என்பதால் கை நடுங்கிவிட்டது பிரபு. இன்னொரு பை கொடுத்தால் செய்து காட்டுகிறேன்."

"எனக்கும் ஒன்று!" "எனக்கும்!"

ஓரத்தில் ஒச்சப்பன் என்றொருவன் மட்டும் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பையை உள்பக்கம் வெளியே திருப்பி, விரலால் தடவி, முகர்ந்து, நன்றாய் இருந்த பக்கத்தையும் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு இன்னொரு பை வேண்டாமா?" என்றான் ராஜா. ஒச்சப்பன் கிழிந்த தோலை மறுபடி மூக்கருகே கொண்டுபோனான்.

"பார்த்தீர்களா திமிரை! மகாராஜா கேட்கிறார், இவன் தோலை மோந்துகொண்டிருக்கிறான்" என்றார் முத்தேசர்.

சொக்கேசர் எழுந்தார். "பிரபு, தங்கப் போகிறவன் இவன்தான். மற்றவர்களுக்கு அடுத்த பை வேண்டும். இவனுக்கு இந்தப் பைதான் வேண்டும்."

அப்போதுதான் ஒச்சப்பன் நிமிர்ந்தான். "ஐயா, இது தையல் விட்டதில்லை. உள்ளே தோல் முன்னமே வெந்திருக்கிறது. சுண்ணாம்பு வாசனை வருகிறது."

"நான்தான் ராத்திரி சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்" என்றார் அமைச்சர். சபை ஆரவாரித்தது. ராஜா கழுத்து மாலையைக் கழற்றினான்.

திரை விலகியது. ராணி குழந்தையோடு வெளியே வந்து நின்றாள்.

"தம்பி, என் பிள்ளையை நீ பார்த்திருந்தால் ஏன் போனான் என்று சொல்லியிருப்பாயா?"

ஒச்சப்பன் கிழிந்த பையைக் கீழே வைத்தான். "தெரியாது அம்மா. உள்ளே பார்க்க விட்டிருந்தால் தெரிந்திருக்கலாம்."

ராணி ராஜாவைத் திரும்பிப் பார்த்தாள். "பெரிய வைத்தியரும் அன்றைக்கு இதைத்தானே கேட்டார்? ஒரு தடவை பார்க்கவிடுங்கள், அடுத்த குழந்தையாவது பிழைக்கும் என்று காலில் விழுந்தார். நீங்கள் அவரை நாட்டைவிட்டே துரத்தினீர்கள். வேண்டாம் என்று நானும்தான் கத்தினேன்."

ராஜாவின் கையில் மாலை அப்படியே நின்றது.

"மாலை வேண்டாம் பிரபு" என்றான் ஒச்சப்பன். "வைத்தியசாலையில் இறந்துபோகிறவர்களை உள்ளே கீறிப் பார்க்க உத்தரவு மட்டும் போதும்."

ராஜா தன்னால் கொடுக்க முடியாததை ஊரிடம் கேட்கவேண்டும். "இன்று முதல்..." என்று தொடங்கியவன் முகத்தை மூடிக்கொண்டான். மீதியை ராணி சொன்னாள்: "பெற்றவர்களைக் கேளுங்கள். சரி என்றால் மட்டும் பாருங்கள். கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள்."

மாலை சொக்கேசருக்குப் போனது. முத்தேசருக்குச் சோதிடர் பதவி போய், சாலைக்குத் தோல்பை தைக்கும் பதவி வந்தது. துரத்தப்பட்ட பெரிய வைத்தியரைத் தேடி ஆள் போனது. அவர் காலமாகியிருந்தார்.

ஒச்சப்பன் எங்கும் போகவில்லை. எத்தனையோ பிள்ளைகளை இழந்து, எத்தனையோ தாய்மார் அழுதுகொண்டே சரி என்று தலையாட்டிய பிறகு, கடைசியில் கீறவேண்டிய இடம் எது என்று கண்டுபிடித்தான். முதலில் பிழைத்தவன் ஓர் எண்ணெய்க்காரியின் மகன்.

ராணி பார்க்கப் போனாள். "கொஞ்சம் தூக்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டு வாங்கி, மார்போடு அணைத்து, தலையை முகர்ந்தாள். பிள்ளை நெளிந்தான். அம்மாவைத் தேடி அழுதான்.

கொடுத்துவிட்டாள்.

செங்கானூர் கதை இவ்வளவுதான். கேட்டவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் தூங்கட்டும்.