செடிக்கு முன்னால் இடம் மாறிய அமைச்சர்

அரசவை விகடகவி கொற்றப்பரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் அரண்மனைத் தோட்டத்தில் மன்னரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பியோனி என்ற சீனப் பூச்செடியின் மொட்டில் ஏறிய எறும்பை மன்னர் தட்டிவிடப் போனார். "விடுங்கள் அரசே, அதுவும் தங்கள் குடிதான். செடிக்கு ஒன்றும் செய்யாது" என்றார் கொற்றப்பர். எங்கள் குளிர்மலை நாட்டில் மன்னர் கையைப் பிடிக்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த மொட்டு வந்ததே அவரால்தான். நான் அப்போது அரண்மனையில் தண்ணீர் சுமந்தவன். நடந்ததெல்லாம் பார்த்தேன்.

அந்தச் செடியின் கிழங்கைக் கொண்டுவந்தவர் ஒரு சீன வணிகர். கொடுக்கும்போதே விவரமாகச் சொன்னார்.

"முளைக்கண் மண்ணுக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும். ஆழமாகப் புதைத்தால் பூக்காது. பனிக்காலத்தில் செத்ததுபோல வாடிவிடும், பயப்படாதீர்கள். வெயில் வந்ததும் சிவப்பாகத் துளிர்க்கும். வைத்த இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்."

மன்னர் மாவேலர் தலையாட்டினார். அவர் கண் முழுக்க வணிகரின் குதிரைமேல் இருந்தது. கவனமாகக் கேட்டவர் அமைச்சர் கொழுந்துவேலர். தோட்டக்காரி பூவாயியின் வேலை அவருடைய மைத்துனருக்கு வேண்டியிருந்தது.

பனி விழுந்தது. செடி வாடியது.

"இந்த மூலையில் தோஷம் இருக்கிறது, அரசே" என்றார் அமைச்சர்.

பூவாயி தோண்டி வேறு மூலையில் நட்டாள். அடுத்த ஆண்டு இலை வந்தது, பூ வரவில்லை. மறுபடி தோஷம், மறுபடி தோண்டல். அதற்கடுத்த ஆண்டும் பூவைக் காணோம். மன்னருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் ஒருமுறை மாற்றி வை. அப்போதும் பூக்காவிட்டால் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கிவிடு."

பூவாயி கொற்றப்பரிடம் ஓடினாள்.

"புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க சாமி போவேன்? மாத்தாதீங்கன்னு அந்தச் சீனத்துக்காரர் சொன்னாரே! நீங்களாச்சும் ராசாகிட்டச் சொல்லக்கூடாதா?"

"சொல்லலாம். 'அப்படியானால் என் உத்தரவு தப்பா?' என்று கேட்பார். அதற்குச் சரியான பதில் சொன்னவர் யாரையும் நான் அப்புறம் பார்த்ததில்லை. நீ போய்க் களை எடு. செடியைத் தொடாதே."

மறுநாள் சபையில் கொற்றப்பர் எழுந்தார்.

"அரசே, அமைச்சர் சொல்வதுதான் சரி. எல்லாம் இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் செடிக்கு வாய் இல்லை. எந்த மூலை நல்லது என்று முதலில் அமைச்சரே தங்கிப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு செடியை மாற்றலாம்."

"கோட்டை மதிலுக்குத் திட்டம் எழுத வேண்டும், எனக்கு ஏது நேரம்?" என்று பதறினார் அமைச்சர்.

"நல்ல மூலையில் உட்கார்ந்தால் திட்டமும் நன்றாக வருமே!"

மன்னருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மூலைக்கு ஒரு குடிசை போட்டார்கள். அமாவாசைக்கு அமாவாசை அமைச்சர் குடி மாறினார். கிழக்கே அடுப்பு புகைந்தது. தெற்கே கூரை ஒழுகியது. மேற்கே பாய் விரித்த பிறகுதான் எழுத்தாணி தெற்கே தங்கிவிட்டது தெரிந்தது. எந்த மூலைக்குக் குடம் தூக்குவது என்று தெரியாமல் நானும் அலைந்தேன். வடக்கே போனபோது மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

மன்னர் கூப்பிட்டனுப்பினார்.

"மதில் திட்டம் எங்கே?"

"ஒரு வரிகூட எழுதவில்லை, அரசே."

"இத்தனை மாதமாக என்னதான் செய்தீர்?"

அமைச்சர் வெடித்துவிட்டார். "பாயை விரிப்பதற்குள் சுருட்டச் சொன்னால் எந்த மனிதனால் வேலை பார்க்க முடியும்? ஓரிடத்தில் காலூன்ற விட்டால்தானே!"

மன்னரின் முகம் சிவந்தது. கொற்றப்பர் மெல்ல எழுந்தார்.

"கோபம் வேண்டாம், அரசே. அமைச்சர்மேல் குற்றமில்லை. அவருடைய சமையல்காரனைத்தான் குடும்பத்தோடு மலையை விட்டு இறக்க வேண்டும்."

"அவன் என்ன செய்தான்?"

"வேளாவேளைக்குச் சோறு போட்டான். அப்படியும் அமைச்சர் பூக்கவில்லையே!"

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. கொற்றப்பருக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. பூவாயிக்கு வேலை நிலைத்தது. செடியை இனி யாரும் பெயர்க்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

சில ஆண்டுகள் கழித்து அது பூத்தது. மூலையைத் தேர்ந்தெடுத்தவர் தாம்தான் என்று அமைச்சர் எல்லோரிடமும் சொன்னார்.

குடிசைகளில் வடக்கே உள்ளது மட்டும் இன்னும் நிற்கிறது. பூவாயி வீட்டார் அதில் ஆடு கட்டுகிறார்கள்.