ஊர் வளர்ந்து சடையப்பர் தேய்ந்த கதை

வெள்ளந்திபுரத்தில் அளவுகோலும் கிடையாது, எடைக்கல்லும் கிடையாது. நீளம் பார்க்க வேண்டுமென்றால் சடையப்பரைத் தரையில் படுக்கவைப்பார்கள். எடை பார்க்க வேண்டுமென்றால் தராசுத் தட்டில் உட்காரவைப்பார்கள். அவருடைய இருபதாவது வயதில் அவரை ஊருக்கு அளவாக நியமித்தது ஆண்கள் மட்டும் கூடிய சபை. பெண்களைக் கேட்டிருந்தால் ஒரு கழியை வெட்டிக் கொடுத்து வேலையை முடித்திருப்பார்கள்.

சடையப்பருக்கு எழுபது கடந்தது. ஊரில் அதிசயங்கள் தொடங்கின. வாய்க்கால் நீண்டது. கிணறு ஆழமாயிற்று. வெல்லம் முன்னெப்போதும் இல்லாத கனம் கனத்தது. நாட்டாமை சிங்காரம் நாற்பது வயதுக்கு மேல் நான்கு விரல் வளர்ந்தார்.

"என் காலத்துலதான் ஊரு வளர்ந்துச்சுன்னு கல்வெட்டு வைக்கணும்" என்றார் அவர்.

ஒரு நாள் வயலை அளக்கப் படுத்த சடையப்பர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஊர் வைத்தியர் மங்கையர்க்கரசி வந்து நாடி பார்த்தார்.

"ஊரும் வளரலை, நாடும் வளரலை. வயசானா முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு தேயும், உயரம் குறையும். சதை கரையும், எடையும் குறையும். உயரத்தை விடுங்க. எடையையாவது மீட்கணும். பருப்பு, பால், முட்டைன்னு நல்லாப் போடுங்க. இல்லேன்னா ஆள் தாங்கமாட்டார்."

உடனே சபை கூடியது.

"இவர் தின்னா எடை கூடும். எடை கூடினா நம்ம வெல்லம் குறையும்" என்றார் நாட்டாமை.

"ஒரு முட்டைக்கு எவ்வளவு வெல்லம் குறையும், மாமா?" என்று கேட்டார் கணக்கர் வடுகநாதன்.

"அவிச்சதா, பொரிச்சதா?"

இதிலேயே பொழுது சாய்ந்தது.

"ஏம்ப்பா, நான் பசியில கரைஞ்சே போயிட்டா?" என்றார் சடையப்பர்.

நாட்டாமை கண் கலங்கினார். "உங்களுக்கு எடையே இல்லாமப் போயிட்டா, நம்ம வெல்லத்துக்கு எல்லையே இருக்காது, பெரியப்பா!"

சடையப்பருக்கு ஒரு வேளை கஞ்சி, அதுவும் நீராக என்று தீர்ப்பாயிற்று.

வெல்லம் நிறுக்கும் நாள் வந்தது. எதிர்த்தட்டில் வெல்லத்தைக் குவித்தார்கள். சடையப்பரின் தட்டு ஜிவ்வென்று மேலே போயிற்று. ஊர் கைதட்டியது. பசியில் காது அடைத்திருந்த சடையப்பர் குனிந்து, குவியலின் உச்சியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று. பிறகு எண்ணவில்லை.

அவர் தட்டு மெல்லக் கீழே வந்தது.

"ஐயோ, வெல்லம் இளைக்குது!" என்று அலறினார் நாட்டாமை.

"இவருக்கு எடை கூடுது, மாமா! யாரும் ஒரு முட்டைகூடக் கொடுக்கலையே!"

சடையப்பர் தின்பதை ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. காரணத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. இளமை திரும்புகிறது என்று முடிவு செய்து, அவரை இறக்கிப் படுக்கவைத்து அளந்தார்கள். உயரம் ஒரு நூல்கூட ஏறவில்லை.

சபை மறுபடியும் ஆழ்ந்து யோசித்தது.

"உயரத்துல இவருக்கு எழுபது வயசு. எடையில இருபதுதான்" என்றார் வடுகநாதன்.

"இருபதுன்னா கல்யாண வயசாச்சே! உடனே பொண்ணு பார்க்கணும்" என்றார் நாட்டாமை.

"பொண்ணு வீட்டுல சாப்பாடு போடுவாங்களா?" என்றார் சடையப்பர், வாயைத் துடைத்துக்கொண்டு.

"விருந்தே போடுவாங்க, பெரியப்பா!"

"அப்ப சரி."

வடுகநாதனுக்கு மட்டும் ஒரு கவலை. "ஆளைப் பார்த்தா வயசு தெரிஞ்சுடுமே, மாமா?"

நாட்டாமை சிரித்தார். "யாருய்யா பார்க்கச் சொன்னா? மாப்பிள்ளையைத் தூக்கிப் பாருங்கன்னு சொல்லுவோம்."