காவல் தலைவன் கேட்ட வசவு

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாட்டை மகுடவேலன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைசியாக யார் காதைக் கடித்தார்களோ அவர்கள் சொன்னதே சட்டம். காதைக் கடிப்பதில் மகா கெட்டிக்காரன் கோட்டைக் காவல் தலைவன் வீரக்கொடியான். அவன் கேட்டு வாங்கிய சட்டம் ஒன்று இருந்தது. காவலர்மேல் கொலைப்பழி சொல்லி மெய்ப்பிக்காதவரின் நாக்கை அறுத்துவிட வேண்டும். நாக்கின்மேல் யாருக்குத்தான் ஆசையில்லை? ஊரே வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது.

அந்த ராஜாவின் அவைக்குத்தான் சுண்ணாம்பு சுடும் வேலம்மை வந்து நின்றாள். மாரியம்மன் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த அவள் புருஷன் கருத்தானை வீரக்கொடியான் ஈட்டியால் குத்திக் கொன்றுவிட்டு, திருடன் என்று பட்டமும் கட்டியிருந்தான்.

"என் புருஷன் திருடன் இல்லை, சாமி. இது கொலை."

ராஜாவின் முகம் சிவந்தது. "மெய்ப்பிக்காவிட்டால் என்ன ஆகும், தெரியுமா?"

"தெரியும், சாமி."

தண்டனைக்காரன் குறட்டோடு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

மந்திரி பொன்னம்பலவர் எழுந்தார். அவைக்கு வருமுன் அவரிடம்தான் வேலம்மை எல்லாவற்றையும் சொல்லி அழுதிருந்தாள். "நான் கேட்கும்வரை பேசாதே, தாயே" என்று மட்டும் சொல்லியிருந்தார். இப்போது அவரோ காவல் தலைவனைப் பார்த்துக் கும்பிடு போட்டார்!

"தலைவரே, உங்கள் வீரத்தைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். நடந்ததை விவரமாகச் சொல்லுங்கள்."

வேலம்மை மந்திரியை வெறித்துப் பார்த்தாள். இந்த மனுஷனும் அவன் பக்கம்தானா?

வீரக்கொடியான் மீசையை முறுக்கினான். "அந்தி நேரம். நில்லடா என்றேன். நிற்காமல் என்மேல் பாய வந்தான்."

"நேருக்கு நேராகவா?"

"மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம்!"

"ஏதாவது பேசினானா? கல்வெட்டில் அதுவும் வேண்டுமே."

"பேசினானாவா? 'உன் ராஜா தலையைச் சீவுவேன்' என்று தெருவே அதிரக் கத்தினான். காது கூசுகிற வசவு! பிறகு ஓடப் பார்த்தான். அதனால்தான் குத்து முதுகில் விழுந்தது."

ராஜா துள்ளி எழுந்தான். "அறு இவள் நாக்கை!"

குறடு வேலம்மையின் உதட்டருகே வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. மந்திரியையே பார்த்தாள்.

"ஒரு நொடி, மன்னா! தாயே, உன் புருஷனுக்குக் கோயிலில் என்ன வேண்டுதல்?"

"பிள்ளைக்கு அம்மை இறங்கியதற்காக வாய்ப்பூட்டு, சாமி. உதடு இரண்டையும் சேர்த்து வெள்ளி அலகு குத்தியிருந்தது; வீடு சேரும்வரை கழற்றக் கூடாது. முனகலாமே தவிர ஒரு சொல் பேச முடியாது."

மந்திரி வரவழைத்திருந்த கோயில் பூசாரி முன்னால் வந்து அலகை நீட்டினார். "குத்திவிட்டதும் நான்தான். பிணத்தின் வாயிலிருந்து கழற்றியதும் நான்தான்."

"மூக்கு இடிக்க நின்றவர் கண்ணில் வாய்ப்பூட்டு படவில்லை," என்றார் மந்திரி. "அவர் பார்த்தது முதுகை மட்டும்தான், மன்னா."

அப்போதும் வீரக்கொடியான் விடவில்லை. "காவலன் கையில் இருப்பது தங்கள் ஈட்டி, மன்னா! அதைக் கேள்வி கேட்கலாமா?"

"சரியாகச் சொன்னார்," என்றார் மந்திரி. "ஈட்டி மன்னருடையது என்பதால் கொலையும் மன்னருடையது என்கிறார். அப்படியானால் விலங்கை யாருக்குப் பூட்டுவது?"

ராஜாவின் கை உடைவாளுக்குப் போனது. மந்திரியின் தலை போயிற்று என்றே வேலம்மை நினைத்தாள். ஆனால் அந்தக் கை மெல்லக் கீழே இறங்கியது.

"ஈட்டி என்னுடையது. கொலை அவனுடையது," என்றான் ராஜா. "மற்றக் கொலைகாரர்களை விசாரிக்கிற மன்றத்திலேயே இவனையும் நிறுத்துங்கள். நாக்கறுக்கிற சட்டம் இன்றோடு ஒழிந்தது." தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான்.

விலங்கு பூட்டும்போது வீரக்கொடியான் குதித்தான். "என்னையும் சாதாரணக் கொலைகாரனைப் போலவா நடத்துகிறீர்கள்?"

வேலம்மைதான் பதில் சொன்னாள். "இல்லை ஐயா. சாதாரணக் கொலைகாரனுக்கு நாங்கள் வரி கட்டி ஈட்டி வாங்கிக் கொடுக்கவில்லை."

கருத்தான் திரும்பி வரவில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு கொன்றைநாட்டுக் காவலர்கள் ஈட்டியைத் தூக்குமுன் எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.