சிமெண்ட் நத்தை

அரியலூர்ப் பக்கம் புதைபடிவம் தேடி அலைகிற ஆர்வலர் கூட்டம் நாங்கள். கிடைத்ததையெல்லாம் "பார்த்துச் சொல்லுங்க சார்" என்று பேராசிரியர் திருஞானத்திடம் கொடுத்துத் தொலைப்போம். அடுத்த கண்காட்சியில் அத்தனையும் அவரே தோண்டி எடுத்ததாக ஆகிவிடும். போன வருஷம் தையல்கடை பரிமளா தன் கல்லைக் கேட்டதற்கு, "உன்னுதுன்னு நிரூபி, பார்ப்போம்!" என்று எல்லோர் முன்னாலும் இளித்தார் அந்த மனுஷன்.

இந்த வருஷம் பரிமளா அவரிடம் கல்லாகிப்போன நத்தை என்று ஒன்றைக் கொடுத்தாள். கண்காட்சியில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது.

"இருபதடி ஆழத்தில் நானே தோண்டினேன். பத்துக் கோடி வருஷப் பழசு!" என்று பேராசிரியர் மைக்கில் முழங்கினார்.

பரிமளா மேடையேறி, பெட்டியைத் திறந்து, பையிலிருந்த ரப்பர் அச்சுக்குள் நத்தையை வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"போன மாசம் சிமெண்டைக் குழைச்சு இதுலதான் வார்த்தேன் சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"போலியைக் கொடுத்து என்னை ஏமாத்திட்டியேடி!"

"ஆக, நான் கொடுத்ததுதான்னு உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. நிரூபிச்சாச்சு சார். போன வருஷக் கல்லை எடுங்க!"