முப்பிடாதியின் நாடி

வயதில் குருவைவிடச் சீடர் மூத்தவர்.

உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் தனியாக ஒரு வைத்தியசாலை நடத்தி வந்தாள். ஆவுடையப்பன் பாதி ஆயுளைக் கருப்பட்டி காய்ச்சுவதில் கழித்துவிட்டு, தலை நரைத்த பிறகு அவளிடம் வைத்தியம் கற்க வந்தவர். அவர் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது வந்து பார்க்க ஒரு வைத்தியர் கிடைக்கவில்லை. அவளை எரித்துவிட்டு வந்தவர் அதற்குப் பிறகு கருப்பட்டி அடுப்பை மூட்டவே இல்லை.

உலகம்மை சொல்லிக்கொடுத்தது ஆரம்பப் பாடம்தான். முழு வைத்தியராக வேண்டுமென்றால் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய மருத்துவச்சாலையில் சேர வேண்டும். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை, தை பிறந்ததும் ஆள் எடுப்பார்கள்.

உலகம்மையிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் வருஷம் மாணவர்கள் ஆரோக்கியமானவர்களின் நாடியை மட்டும்தான் பிடித்துப் பார்க்கலாம். இரண்டாம் வருஷம், பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, நாடி அடங்குவதை விரலால் அறிய வேண்டும். நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஆவுடையப்பனுக்கு முதல் வருஷம் முடிந்திருந்தது.

மார்கழிக் கடைசியில் அவர் கேட்டார்.

"அம்மா, இந்தத் தையிலயே நான் போய்ச் சேந்துரட்டுமா?"

"இன்னும் ஒரு வருஷப் பாடம் இருக்குல்லா, அண்ணாச்சி."

"சாகப்போறவங்க பக்கத்துல உக்காருறதுதானே? அதை என் வீட்டுலயே பாத்தாச்சு."

உலகம்மை சுக்கை இடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க படிச்சு முடிக்க எத்தனையோ வருஷம் ஆகும். இங்கயும் ஒரு வருஷத்தைக் கொடுத்துட்டா, நான் வைத்தியன் ஆகும்போது எனக்கே ஒரு வைத்தியன் வேணும்."

அவள் சிரித்தாள். பக்கத்து ஊரில் பிரசவம் என்று ஆள் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"யாரும் வந்தா உக்காரச் சொல்லுங்க. நான் வந்துருவேன்."

வந்தவன் உட்காரும் நிலையில் இல்லை. தெற்குத்தெரு மாடக்கண்ணு, அவ்வளவு தூரமும் ஓடி வந்திருந்தான். அவன் மனைவி முப்பிடாதி சில நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"கண்ணு ஒரு மாதிரி நிக்குது. கூப்பிட்டா கேக்க மாட்டேங்கா. அம்மா எங்க?"

"இப்ப வந்துருவாங்க."

"அதுவரைக்கும் தாங்குமா? நீங்களாவது வாங்க, அண்ணாச்சி."

அவர் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். தன் மனைவி கிடந்த கிடை நினைவுக்கு வந்தது. தன்னையும் ஒருவன் வைத்தியனாக நினைத்துக் கூப்பிடுகிறானே என்றும் இருந்தது. இரண்டில் எது அவரை எழுப்பி அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போனது என்று யார் கண்டார்கள்?

முப்பிடாதி பாயில் கிடந்தாள். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஓடி வந்த மூச்சு அடங்குவதற்குள் ஆவுடையப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்க மூன்று விரல் வைக்க வேண்டிய இடமெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. கருப்பட்டிப் பாகு கிண்டும் துடுப்பைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தார். கட்டைவிரலுக்கு அடியில் படபடவென்று துடித்தது.

"உயிர் இருக்கு. நாடி நல்லா ஓடுது."

மாடக்கண்ணு அவர் காலில் விழுந்து கும்பிட்டான். "ஏதாவது கொடுக்கலாமா?"

"கஞ்சித்தண்ணி கொடு. உடம்புக்குத் தெம்பு வேணும்."

அவன் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கரண்டியால் ஊற்றினான். வாயோரம் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினான். "ஒரு வாய் குடிச்சிரு. உனக்கு ஒண்ணுமில்லை. அண்ணாச்சி சொல்லிட்டாரு."

சேதி கேட்டு உலகம்மை வந்தபோதும் அவன் ஊற்றிக்கொண்டுதான் இருந்தான். அவள் முப்பிடாதியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். கழுத்தில் வைத்தாள். இமையை விலக்கினாள். நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"உயிர் இல்லை, தம்பி."

"இப்பதானே இருந்துச்சு." அவன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். "நான் ஊத்தின கஞ்சி மூச்சுல ஏறிருச்சா?"

உலகம்மை சீடர் பக்கம் திரும்பினாள். "எந்த விரலால பாத்தீங்க?"

ஆவுடையப்பன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "கட்டைவிரலும் பட்டுச்சு."

"அதுல உங்க நாடியே ஓடும், அண்ணாச்சி."

முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்தான். ஆனால் ஒரு வருஷமாக அவர் பிடித்த கைகளிலெல்லாம் நாடி ஓடியது. எந்த விரலை எப்படி வைத்தாலும் ஏதோ ஒன்று துடித்தது. ஓடாத கை ஒன்றை அவர் பிடித்ததே இல்லை.

"அந்தத் தம்பிகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள் உலகம்மை.

சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தெருவில் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; பழி கஞ்சி ஊற்றியவன் தலையிலேயே நின்றிருக்கும். அதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. அவர் மாடக்கண்ணுவின் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, நான் வந்தப்பவே உயிர் இல்லை. எனக்குத் துடிச்சது என் விரலு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கஞ்சியால ஒண்ணும் ஆகலை."

மாடக்கண்ணு நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப இருக்குன்னு சொன்னீங்க. இப்ப இல்லைன்னு சொல்லுதீங்க."

"தப்பு என் மேலதான்."

"என் மனசு ஆறட்டும்னு சொல்லுதீங்க, அண்ணாச்சி. ஊத்தினது நான். என் கையால ஊத்தினேன்."

உலகம்மையும் சொல்லிப் பார்த்தாள். அவன் காதில் விழவில்லை. பெண்கள் வந்து அழத் தொடங்கிய பிறகும் முப்பிடாதியின் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

சாவு வீட்டிலிருந்து திரும்புகிறவர்கள் என்பதால் இருவரும் வாய்க்காலில் முங்கி எழுந்தார்கள். ஈரத்துணியோடு வரப்பில் நடந்தார்கள். வழியில் ஆவுடையப்பன் கேட்டார்.

"அவன் கடைசிவரைக்கும் நம்ப மாட்டான், இல்லையாம்மா?"

"மாட்டான்."

"தையில நான் போகலை. இங்கயே இருந்து அந்தப் பாடத்தையும் படிக்கேன்."

"சரி."

"படிச்சா இப்படித் தப்பு வராதுல்லா?"

"இந்தத் தப்பு வராது. வேற வரும்."

அவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"பின்ன எதுக்கும்மா இன்னும் ஒரு வருஷம்?"

உலகம்மை முந்தானையைப் பிழிந்து உதறினாள்.

"இன்னைக்கு நீங்க பிடிச்சது செத்துப்போனவ கையை, அண்ணாச்சி. உங்க தப்பால ஒரு உயிர் போகலை. அடுத்த கை உயிரோட இருக்கும்."