கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் நடந்த கல்யாணம்

எங்கள் கொக்கலாம்பட்டியில் யோசிக்காமல் யாரும் எந்தக் காரியத்திலும் இறங்க மாட்டோம். நன்றாக யோசித்து, நாலு பேரைக் கலந்துகொண்டுதான் கெடுப்போம். நான் தையற்காரன். என் கடைக்கும் தாண்டவராயன் அச்சகத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே என் ஊசி தடம் மாறும். அதனால் இந்தக் கதையில் கேள்விப்பட்டது என்று ஒன்றும் இல்லை, எல்லாம் நான் கூடவே இருந்து பார்த்ததுதான்.

அச்சகத்தில் மூன்று பேர். முதலாளி தாண்டவராயன். கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற ஆளவந்தான். பிழை திருத்துகிற பூவலிங்கம். பூவலிங்கம் கண்ணில் ஒரு பிழையும் தப்பாது, சரியாக இருப்பதும் தப்பாது.

அவர்களுடைய பழைய கம்ப்யூட்டரில் கொடி எழுத்து என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு எழுத்தின் வாலும் பூசணிக் கொடி மாதிரி சுருண்டு போகும். சுற்றுவட்டாரத்தில் வேறு எங்கேயும் அது கிடையாது. தாண்டவராயன் மகள் மதுரவல்லிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளையின் அப்பா நல்லசிவம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"எங்க மூத்த பசங்க ரெண்டு பேர் பத்திரிகையும் உங்க கொடி எழுத்துலதான். இதுவும் அதுலதான் வரணும். வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்கிறோம். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க சம்பந்தி, எதிர்த்த பிரஸ்ல எதையாவது அடிச்சுக்கறோம்."

அச்சகக்காரன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை எதிர்த்த பிரஸ்ஸிலா! தாண்டவராயன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாக வேண்டியதுதான். "ஜமாய்ச்சிடலாம் சம்பந்தி" என்று அனுப்பி வைத்தார். அது ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை பழைய கம்ப்யூட்டர் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு அணைந்துபோனது.

உடனே புதுசு வாங்கினார்கள். பிரம்புத் தட்டு மாதிரி ஒல்லியாக இருந்தது. அதில் கொடி எழுத்து வரவில்லை. கரூரில் இருந்த மெக்கானிக் இம்மானுவேலுக்குப் போன் போட்டார்கள்.

"அண்ணே, அந்த எழுத்து பழைய சிஸ்டத்துலதான் ஓடும். பழைய சிஸ்டத்தைப் புதுசு மேல ஏத்திப் பாருங்க" என்றான் அவன்.

ஏற்றினார்கள். பழையது பதினாலு கிலோ. மூன்று பேரும் தூக்க, நான் 'பார்த்து, பார்த்து' சொன்னேன். புதுசு 'கிரீச்' என்றது.

"புதுசைத் தூக்கிப் பழசு மேல வச்சா லேசா இருக்குமே மொதலாளி?" என்றான் ஆளவந்தான்.

"வயசுல மூத்தது கீழேயா? அது முறையில்ல" என்றார் பூவலிங்கம்.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மேலிருந்து ஒரு எழுத்தும் கீழே இறங்கவில்லை. மறுபடி இம்மானுவேலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவன் பழைய சிஸ்டம் இருக்கிற சிடியைப் புதுசுக்குள் போடச் சொன்னான். புதுசில் சிடி போட வாயே இல்லை. அதற்கொரு பெட்டியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். செவ்வாய்க்கிழமை அதை மாட்டினதும் திரையில் ஒரு வரி வந்தது. ஆளவந்தான் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"டிரைவர் இல்லையாம் மொதலாளி."

"அடச்சே, இவ்வளவுதானா!" என்று தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். கொல்லிமலை வழித்தடத்தில் ஓட்டுகிற மாயவனைக் கையோடு அழைத்து வந்தார். மாயவன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சாமி கும்பிட்டார், பிரேக் எங்கே என்று கேட்டார்.

"அண்ணே, பழைய டிரைவர் இதுக்கு ஒத்துக்காது!" என்று போனில் கத்தினான் இம்மானுவேல். "புது மெஷினுக்குப் புது டிரைவர் வேணும்!"

மாயவன் முகம் சுருங்கிவிட்டது. "இருபத்தெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன்யா நான். என்னையா பழசுங்கிறான்?" என்று எழுந்து போனவர், இன்றுவரை அந்தக் கடைப் பக்கம் ஹாரன்கூட அடிப்பதில்லை.

புதன்கிழமை இம்மானுவேலே ஒரு வழி சொன்னான். "நான் இங்கிருந்தே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து செஞ்சு தர்றேன். புது சிஸ்டம் பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி செட் பண்ணி, அந்த எழுத்தை நம்ப வைக்கணும். தேதியையும் ரெண்டாயிரத்து ரெண்டுக்குத் தள்ளிடறேன். இது புதுக் காலம்னு தெரிஞ்சா அது நின்னுடும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்ணே. சத்தியமா ஒண்ணும் பண்ண வேண்டாம்."

கடைசி ரெண்டு வாக்கியம் காதில் ஏறுவதற்குள் தாண்டவராயன் போனை வைத்துவிட்டார். மூன்று பேரும் என் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

"ஏமாத்தறது அவன் வேலை. காட்டிக் கொடுக்காம இருக்கறது நம்ம வேலை" என்றார் தாண்டவராயன்.

"திரைக்கு மேல ஒரு கேமரா கண்ணு வேற வச்சிருக்கான் மொதலாளி. எல்லாத்தையும் பார்க்கும்" என்றான் ஆளவந்தான்.

"அப்ப நாம ரெண்டாயிரத்து ரெண்டுல இருக்கணும்" என்றார் பூவலிங்கம்.

வியாழக்கிழமை காலை அச்சகத்தைப் பார்த்தால் எனக்கே தேதி மறந்துவிட்டது. பரணிலிருந்து அந்த வருஷத்துக் காலண்டரை எடுத்து மாட்டியிருந்தார்கள். செல்போன்கள் மூன்றும் என் பட்டன் டப்பாவில். தாண்டவராயன் தன் பழைய சட்டையைப் போட்டிருந்தார். மூன்று பொத்தான் சேரவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரில் அவருடைய அப்பா படம். அவர் போனது ரெண்டாயிரத்து பத்தில். மாலையைக் கழற்றிவிட்டு, "அப்பா வெளியூர் போயிருக்கார், சாயங்காலம் வந்துடுவார்" என்று கம்ப்யூட்டர் காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொன்னார். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் நான் எட்டிப் பார்க்கிற ஆள், என்னால் கெட்டுப் போகக் கூடாது. நரைத்த மீசைக்குக் கண்மை தடவிக்கொண்டேன்.

மதியம் மதுரவல்லி டிபன் கேரியரோடு வந்தாள். பேங்கில் வேலை பார்க்கிற பெண். பூவலிங்கம் வாசலிலேயே மறித்தார்.

"உள்ள போகாதேம்மா. உனக்கு இப்ப ரெண்டு வயசு."

அவள் என்னைப் பார்த்தாள். "டெய்லர் மாமா, என்னாச்சு இவங்களுக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மூன்று நாளாக அப்பா சோறு தண்ணி இல்லாமல் கிடப்பதைப் பார்த்தவள். "எதிர்த்த பிரஸ்ல அடிச்சா எங்கப்பா தாங்க மாட்டார் மாமா" என்றவள், செருப்பைக் கழற்றிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு முட்டி போட்டாள். கேரியரைத் தள்ளிக்கொண்டே உள்ளே தவழ்ந்து போய், "அப்பா, மம்மு" என்றாள்.

தாண்டவராயனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னும் நடக்கவே சரியா வரல. இதைப் போய்க் கட்டிக் கொடுக்கறேனே, நான் ஒரு மனுஷனா" என்று தேம்பியதில் நாலாவது பொத்தானும் தெறித்தது. நான்தான் குனிந்து தேடி எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் கொடி எழுத்து வந்து நின்றது. வால் சுருண்ட அதே எழுத்து. கரூரிலிருந்து இம்மானுவேல் முடித்துவிட்டான். இவர்களோ தங்கள் நடிப்புக்கு மயங்கி வந்தது என்று கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். ஆளவந்தான் அடிக்க ஆரம்பித்தான்: 'நிகழும் மங்களகரமான பராபவ வருடம்...'

"நிறுத்து!" என்றார் பூவலிங்கம். "நிகழும்னு போட்டிருக்கே. இப்ப நிகழுறது பராபவமா?"

ஆளவந்தான் காலண்டரைப் பார்த்தான். "சித்திரபானு."

"பராபவம் வர இன்னும் இருபத்து நாலு வருஷம் இருக்கு. அது உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா என்ன சொல்லுவே? எல்லாம் போச்சு!"

ஆளவந்தானுக்கு வேர்த்துவிட்டது. சித்திரபானு என்று மாற்றினான். ரெண்டாயிரத்து ரெண்டு என்று ஆங்கில வருஷத்தையும் போட்டான். மணமகள் பெயருக்குப் பின்னால் எம்.காம். என்று அடித்ததைத் தாண்டவராயனே எடுக்கச் சொன்னார். "ரெண்டு வயசுல எம்.காமா? நம்பற மாதிரி பொய் சொல்லுடா."

ஐநூறு பத்திரிகை மளமளவென்று வந்து விழுந்தது. இம்மானுவேல் கம்ப்யூட்டர் தேதியைத் திருப்பி வைத்தான். பத்திரிகைத் தேதியைத் திருப்பி வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நல்லசிவம் கண்ணாடி போடாமலே ஒரு பத்திரிகையைத் தடவிப் பார்த்து, "இது எழுத்து!" என்றார். தாண்டவராயன் தெருவுக்கு வந்து, எதிர்த்த பிரஸ்ஸைப் பார்த்து ஒரு தடவை கனைத்துக்கொண்டார். ஊர் முழுக்கப் பத்திரிகை போனது.

முகூர்த்தத்தன்று ஐநூறு பேருக்கு இலை போட்டிருந்தது. இரண்டு குடும்பமும் நானும் சேர்த்தால் நாற்பத்து மூன்று பேர். ஊரிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை. வெறும் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே மாப்பிள்ளை தாலி கட்டினார். மகள் கல்யாணத்துக்கு ஊரே வரவில்லையே என்று தாண்டவராயன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பந்தி நேரத்துக்கு, பால் சொசைட்டி கோவர்த்தனன் தலைமையில் ஊரே திரண்டு வந்தது. எல்லார் கையிலும் பத்திரிகை, எல்லார் முகத்திலும் வருத்தம்.

"மன்னிச்சுக்கங்க தாண்டவராயன். பத்திரிகை கைக்கு வந்ததே இருபத்து நாலு வருஷம் லேட்டு. முடிஞ்சு போன கல்யாணத்துக்கு எந்த முகத்தை வச்சுக்கிட்டு சாப்பிட வர்றதுன்னு இருந்துட்டோம். விசாரிக்காம இருந்தாலும் தப்பு, அதான் வந்தோம்."

அவர் மனைவி சரசாம்பாள் முன்னால் வந்து, மதுரவல்லியின் கன்னத்தைத் தடவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருபத்து நாலு வருஷமாச்சு. இன்னும் ஒரு புழு பூச்சிகூட இல்லையாமே?"

நல்லசிவம் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பத்திரிகையைப் படித்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சம்பந்தி, இதை ஏன் எங்ககிட்ட இத்தனை நாளா மறைச்சீங்க?" என்றார்.

"எங்க பொண்ணு மேல குறை சொல்லாதீங்க சம்பந்தி! நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்தா!" என்று குமுறினார் தாண்டவராயன். பூவலிங்கம் நடுவில் புகுந்து சமாதானம் பண்ணி, பிள்ளை வரம் வேண்டிக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது என்று முடிவானது.

மாலையும் கழுத்துமாக மதுரவல்லி என்னைப் பார்த்தாள். "டெய்லர் மாமா, நீங்களாவது இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்களேன்!"

பாவம், வேறு யாரிடம் சொல்லுவாள்? இந்த ஊரில் கொஞ்சம் விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே. நேரே கடைக்கு ஓடி, இருந்த பட்டுத் துணியிலேயே உசத்தியானதைக் கிழித்து, ஒரே மூச்சில் தொட்டிலைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லாரும் சின்னதாக ஒன்றைத் தைத்துக் கட்டிவிடுவார்கள், கணக்குப் பார்க்க மாட்டார்கள். காலாகாலத்தில் பிறந்திருந்தால் பிள்ளைக்கு இந்நேரம் இருபத்து மூணு வயசு. நான் ஆறடி நீளம் வைத்து, கால் நீட்டிப் படுக்க அரையடி கூடுதலாகவே விட்டுத் தைத்திருக்கிறேன்.