ராக்கெட்டின் மூக்கு

குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. கதை அப்படித்தான். சம்மதம் இருந்தால் மேலே படிக்கலாம்.

குருவின் பெயர் ஜெபசீலி. எல்லோருக்கும் டீச்சர். தேரிக்காட்டுச் செம்மணலில் ராக்கெட் விடும் கழகம் ஒன்றை நடத்துகிறவர். பட்டாசுக் கடை ராக்கெட் இல்லை. பெட்டிக்குள் பாகம் பாகமாக வரும். நாம்தான் பூட்ட வேண்டும். பூட்டி நிறுத்தினால் ஆள் உயரம். பற்றவைத்தால் மேகத்தைத் தேடிப் போகும்.

சீடர் சுயம்புலிங்கம். ஓய்வு பெற்ற வெல்டர். கொதிகலன் குழாய்களோடு ஆயுசு போனது. அவர் ஒட்டியது எதுவும் பிரிந்ததில்லை. அதை அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை, நடையே சொல்லும்.

எட்டாம் வகுப்பில் இரண்டு தரம் தோற்றுப் பள்ளியை விட்டவர். அதற்குப் பிறகு எந்தப் பரீட்சைக்கும் உட்காரவில்லை. இதையும் அவர் சொல்ல வேண்டியதில்லை. மச்சினன் பலவேசம் சொல்லிவிடுவான்.

கழகத்தில் ஒரு பரீட்சை உண்டு. ராக்கெட் மேலே போவது கணக்கில் சேராது. சேதமில்லாமல் திரும்பி வர வேண்டும். வந்தால் தேர்ச்சி. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு.

முதல் வாய்ப்பு போன வருடமே போய்விட்டது.

நேராகத்தான் ஏறியது. கை தட்டினார்கள். உச்சிக்குப் போனதும் உள்ளே சிறு வெடி ஒன்று வெடிக்கும். அது மூக்கைத் தள்ளிவிடும். மூக்குக்குப் பின்னால் பாராசூட் வரும். வர வேண்டும். வரவில்லை. ராக்கெட் அப்படியே தலைகீழாகத் திரும்பி இறங்கியது. பாதி உடம்பு மணலுக்குள்.

பலவேசம் சுற்றி வந்து பார்த்தான்.

"பனங்கொட்டை மாதிரி நட்டுட்டீரே அத்தான். தண்ணி ஊத்தவா?"

சுயம்புலிங்கம் மணலில் மண்டியிட்டார். நொறுங்கியதைத் தோண்டி எடுத்தார். ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவினார். டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"ஒரு ஒட்டு விடலை, டீச்சர். பின்ன ஏன் விழுந்துச்சு?"

டீச்சர் மணலைத் தட்டிவிட்டார்.

"அடுத்ததைப் பூட்டிக் கொண்டு வாங்க அண்ணாச்சி."

"வெடிமருந்து பத்தலையோ? கூடப் போட்டுப் பார்ப்பமா?"

"கூடப் போட்டா குழாய் கிழியும்."

அவ்வளவுதான். சுயம்புலிங்கம் கிளம்பினார். போகிற வழியில் ராக்கெட்டை நிறுத்தும் இரும்புத் தாங்கியைப் பார்த்தார். ஒரு கால் முறிந்து, கம்பியால் கட்டியிருந்தது. வெல்டர் கண்ணுக்கு அது பொறுக்குமா?

"இதைப் பத்தவெச்சுத் தாரேன் டீச்சர். ஒரு நிமிச வேலை."

"பிறகு பார்ப்போம்."

இரண்டாவது ராக்கெட் வந்தது. சுயம்புலிங்கம் அதை வீட்டுக் கூடத்தில் கிடத்திப் பூட்டினார். வால்துடுப்புகளுக்குப் பசை வைத்தார். தேய்த்தார். மறுபடி வைத்தார். மூக்கின் கழுத்துக்கு டேப் சுற்றி, குழாய்க்குள் இறுக்கமாக உட்காரவைத்தார். டீச்சரிடம் தூக்கிக்கொண்டு போனார்.

டீச்சர் மூக்கைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினார். தொங்கியது. ஒரு தரம் உதறினார். அப்படியே இருந்தது.

"ஆகலை."

இறுக்கம் போதாது என்று சுயம்புலிங்கம் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? இன்னும் இரண்டு சுற்று டேப் சுற்றினார்.

அடுத்த வாரம் டீச்சர் தூக்கினார். உதறினார்.

"ஆகலை."

அதற்கடுத்த வாரம் சுயம்புலிங்கம் ராக்கெட்டை மூடாமல் கொண்டு வந்தார். கையில் மரச்சுத்தியல். கூடவே பலவேசம். வேடிக்கை பார்க்க அவனுக்கு யாரும் அழைப்பு வைக்க வேண்டாம்.

"இன்னைக்கு உங்க கண்ணு முன்னாலயே மூடுறேன்" என்றார்.

"மூடுங்க. அதுக்கு முன்னால உங்க வெத்தலைப் பையைக் கொடுங்க."

கொடுத்தார். டீச்சர் அதைக் குழாய்க்குள் போட்டார், பாராசூட் இருக்க வேண்டிய இடத்தில்.

"இப்ப மூடுங்க."

சுயம்புலிங்கம் மூக்கைப் பொருத்தினார். சுத்தியலால் ஒரு போடு. இன்னொரு போடு. ஊரே கேட்டிருக்கும்.

"யானை இழுத்தாலும் வராது" என்றார்.

"நல்லது. வெத்தலை போட்டுட்டு வாங்க, பேசுவோம்."

டீச்சர் வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பிரித்தார்.

சுயம்புலிங்கம் சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. குழாயை முழங்காலுக்கிடையில் இடுக்கி இழுத்தார். வரவில்லை. வெற்றிலை இல்லாமல் அவருக்கு நாக்கு ஓடாது, கையும் ஓடாது.

"ஏலே பலவேசம், அந்தப் பக்கம் பிடிடே."

"எனக்கு எதுக்கு வம்பு?"

"பிடிலே!"

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். வடம் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள். பலவேசத்தின் வேட்டி அவிழ்ந்தது. மூக்கு அசையவில்லை.

"அத்தான், அக்கா கழுத்துல தாலி கூட நீரு இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்க மாட்டீரு!"

"வாயை மூடிட்டு இழுலே."

கடைசியில் இருவரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். மூச்சு வாங்கியது. ராக்கெட் நடுவில் கிடந்தது.

டீச்சர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பேர் இழுத்துமா வரலை?"

"வரலை."

"மேல அந்தச் சின்ன வெடி ஒருத்தர்தான் இருக்கார், அண்ணாச்சி. அவரும் ஒரு தரம்தான் தள்ளுவார்."

சுயம்புலிங்கம் ராக்கெட்டைப் பார்த்தார். போன வருடம் மணலைத் தோண்டியபோது மூக்கு குழாயோடு கெட்டியாக இருந்தது ஞாபகம் வந்தது. அதைத் தான் பெருமையாகத் தடவிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

திருகித் திருகிச் சாயங்காலம்தான் வெற்றிலைப் பை வெளியே வந்தது. வெற்றிலை வாடியிருந்தது. அவர் போடவில்லை.

வீட்டில் டேப்பை உரித்தார். உப்புத்தாள் எடுத்துக் கழுத்தைத் தேய்த்தார். மாட்டினார், உதறினார். இறுக்கம். தேய்த்தார். இப்போது தூக்கும்போதே விழுந்தது. ஒரு துண்டு டேப் ஒட்டினார். மறுபடி இறுக்கம். கொதிகலனை இதைவிடச் சீக்கிரம் முடித்திருக்கிறார். கை கேட்கவில்லை. கேட்கும்வரை விடவில்லை.

ராக்கெட் விடும் நாள் வந்தது. தேரியில் காற்று அடங்கியிருந்தது. பலவேசம் குடும்பத்தோடு வந்திருந்தான், தூக்குவாளியில் சோறோடு.

டீச்சர் மூக்கைப் பிடித்துத் தூக்கினார். தொங்கியது. ஒரு தரம் உதறினார். குழாய் கழன்று கீழே இருந்த சாக்கில் விழுந்தது.

"ஆச்சு" என்றார்.

பலவேசம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "ஒரு உதறலுக்கே கழண்டுட்டு! வயசாயிட்டு அத்தான் உமக்கு."

சுயம்புலிங்கத்தின் காது சிவந்தது. கழன்றதை எடுத்தார். பாராசூட்டை மடித்து வைத்தார். மூக்கைக் கையாலேயே பொருத்தினார். சுத்தியல் வீட்டில் இருந்தது.

ராக்கெட்டைத் தாங்கியில் நிறுத்தினார்கள். எல்லோரும் கயிற்றுக்கு இப்பால் வந்தார்கள். டீச்சர் பொத்தானை அவரிடம் நீட்டினார்.

"இதுவும் போனா?" என்றார் சுயம்புலிங்கம்.

"அமுக்குங்க."

அமுக்கினார்.

தேரி அதிர்ந்தது. செம்மணல் நாலு பக்கமும் சிதறியது. ராக்கெட் போனது. சத்தம் பின்னால் ஓடியது. வெள்ளைப் புகை ஒரே கோடாக நீண்டு நின்றது. பிறகு புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு புள்ளி.

சுயம்புலிங்கம் மேலே பார்க்கவில்லை. தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்டாம் வகுப்பில் தேறியவர் பெயர் வாசிக்கும்போதும் அப்படித்தான் நின்றார்.

பலவேசம் கத்தினான்.

"போச்சு! அத்தான், பிரிஞ்சிட்டு! மூக்கு தனியாப் பிரிஞ்சிட்டு!"

சுயம்புலிங்கம் தலையைத் தூக்கினார். நீலத்தில் மூக்கு ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே கயிறு. கயிற்றுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று சுருங்கி, உதறி, விரிந்தது.

"பிரிஞ்சிட்டு!" என்று அலறினார். "ஏலே, பிரிஞ்சிட்டுலே! நான் பூட்டுனது பிரிஞ்சிட்டுலே!"

மச்சினனைத் தூக்கிச் சுற்றினார். அவன் என்னவென்று புரியாமலே சிரித்தான். பிறகு ஓடினார். ஒரு செருப்பு மணலில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. உடைமுள் மரங்களுக்கு அப்பால், வெறும் மணலில், ராக்கெட் பக்கவாட்டில் படுத்திருந்தது. துடுப்பு மூன்றும் இருந்தன. குழாயில் கீறல் இல்லை. கோயில் சப்பரம் தூக்குகிறவர் மாதிரி தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் மூக்கிலிருந்து வால்வரை பார்த்தார்.

"பாஸ்."

"இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சர்."

"பாஸ், அண்ணாச்சி."

"எட்டாங்கிளாஸ் வாத்தியார் இருந்தா கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றான் பலவேசம். கண்ணைத் துடைத்துக்கொண்டான். மணல் விழுந்ததாம்.

தூக்குவாளி திறந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். சுயம்புலிங்கம் மட்டும் சாப்பிடவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து டீச்சரிடம் வந்தார்.

"ஒண்ணு கேட்கணும் டீச்சர்."

"கேளுங்க."

"ஆயுசு பூரா இந்தக் கை ஒரு பாடம்தான் படிச்சிருக்கு. விடாம இறுக்கணும்னு. அது அம்புட்டும் தப்புப் பாடமா?"

டீச்சர் எழுந்தார். இரும்புத் தாங்கியின் பக்கம் போனார். கம்பி கட்டிய காலைக் காலால் ஒரு தட்டு தட்டினார். அது ஆடியது.

"இதைப் பத்தவெச்சுத் தாரேன்னீங்க."

"ஆமா."

"இப்பப் பத்தவைங்க அண்ணாச்சி. இது பிரியக் கூடாது."